லிஃப்ட் வைத்தது யார்

பார்சலைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. இரண்டு தும்மல் தும்மிவிட்டுத்தான் நோட்டைப் பார்த்தேன். கோடு போட்ட நீள நோட்டு, பழுப்பு அட்டை, அட்டையில் நாம் ஒட்டிய ரோஜாப்பூ ஸ்டிக்கரில் பாதி மிச்சம். கூடவே உன் மகள் எழுதிய நாலு வரி. "அம்மா போன மாசம் தவறிட்டாங்க ஆன்ட்டி. பீரோவுல இது இருந்தது. கவர் மேல உங்க பேரும் சிட்லபாக்கம் அட்ரஸும் அம்மாவே எழுதி வெச்சிருந்தாங்க."

நீ செத்துப்போனது எனக்கு இப்படித்தான் தெரிந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வந்தது கோபம். உன்னோடு போட வேண்டிய ஒரு சண்டையை முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் தயார். நீ பாட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

நாம் ஒன்பதாவது படித்த வருஷம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்ததே, அங்கே வயசுப் பெண்களுக்கென்று எழுதிய ஆங்கில நாவல்கள் ஒரு தட்டு முழுக்க இருக்கும். எல்லாம் ஒரே கதைதான். இரண்டு அக்கா தங்கை, ஒழுகுகிற வீடு, ஒருநாள் காலையில் ஒரு வக்கீல் கதவைத் தட்டுவார். அடுத்த பக்கத்தில் மாளிகை, டிரைவர் வைத்த கார், விருந்து, தரையைப் பெருக்குகிற கவுன். பாதி வார்த்தைக்கு நமக்கு அர்த்தம் தெரியாது. தெரியாததை நாமே இட்டு நிரப்பிக்கொள்வோம். அந்தத் தட்டு காலியானதும் நீதான் சொன்னாய், "இதையெல்லாம் நாமளே எழுதலாம்டி. நம்ம ஊர்ல நடக்கிற மாதிரி."

சட்டங்களையும் நீதான் போட்டாய். ஒரு அத்தியாயம் எனக்கு, அடுத்தது உனக்கு. கஷ்டமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முக்கியமான சட்டம், ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி அடிக்கக் கூடாது. "பிடிக்கலைன்னா உன் அத்தியாயத்துல சமாளிச்சுக்கோ," என்றாய். அக்கா ரோஷினி, அது நீ. தங்கை சாந்தினி, அது நான். உன்னைவிட நான் நாலு மாதம் பெரியவள் என்று சொல்லிப் பார்த்தேன், நீ காதில் வாங்கவே இல்லை.

நம் இரண்டு பேருக்கும் பணக்கார வீட்டின் உள்பக்கம் தெரியாது. என் அப்பா ஸ்கூல் வாத்தியார், உன் அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். ஆனாலும் கூச்சமில்லாமல் எழுதித் தள்ளினோம். பங்களாவில் நாலு ஃபிரிட்ஜ், அது நான் வைத்தது. காலை டிபனுக்கு ஐஸ்கிரீம், அதுவும் நான். சகோதரிகள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் தூங்குவார்கள். ஒத்துக்கொள்கிறேன், அதுவும் நானே. ஆனால் லிஃப்ட் நீ வைத்தது.

மவுன்ட் ரோட்டில் உன் மாமாவின் ஆபீசுக்குப் போய்வந்தாய். திரும்பி வந்ததிலிருந்து ஒரு மாதம் லிஃப்டைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ரோட்டில் நடக்கும்போதுகூட ஒரு விரலால் காற்றில் பட்டன் அமுக்கிக்கொண்டு வந்தாய். அடுத்த அத்தியாயத்தில் பங்களாவுக்குள் லிஃப்ட் வந்துவிட்டது. சானடோரியம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு நான் கேட்டேன், "ஒரே ஒரு மாடிக்கு எதுக்குடி லிஃப்ட்?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவங்களுக்குக் கால் வலிக்கக் கூடாது." எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சட்டம் சட்டம். அடிக்காமல் விட்டேன்.

திங்கட்கிழமை நோட்டு வகுப்புக்கு வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுவரை ஒரு சுற்று வரும். கணக்கு டீச்சர் போர்டு பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கை மாறும். நாலு ஃபிரிட்ஜைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் தெரியாது. பெரியவளானதும் நீ என்ன ஆவாய் என்று கேட்ட சிஸ்டரிடம், கதை எழுதுவேன் என்று நான் எழுந்து நின்று சொன்னது அந்தத் திமிரில்தான்.

பிறகு நிஜமாகவே உன் வீட்டுக் கதவை ஒரு ஆள் தட்டினான். வக்கீல் இல்லை, பிளாட் போடுகிறவன். பொழிச்சலூரில் உன் தாத்தா விட்டுப்போன முள்ளுக்காட்டுக்கு அப்படி ஒரு விலை வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆறே மாதத்தில் சிட்லபாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் மாடி வீடு எழும்பியது. உங்கள் ஒண்டுக்குடித்தனப் போர்ஷனுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாய். நிலத்தில் பாதி உன் அத்தைக்குச் சேர வேண்டியது. உன் அப்பா, ரேஷன் கார்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அத்தையிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். "அத்தைக்கு ஒண்ணுமே தெரியாதுடி. அந்த வீட்டுல எனக்கு சோறு எறங்கல. யார்கிட்டயும் சொல்லிடாத," என்றாய். மாதா மேல் சத்தியம் பண்ணச் சொன்னாய். உனக்கு மாதா யார் என்றே சரியாகத் தெரியாது. நான் பண்ணினேன். ஜங்ஷன்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தேன். அதை மறக்காதே, அன்று நான் உனக்கு நல்லவளாகத்தான் இருந்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு என்னை மத்தியானம் வரச் சொன்னாய். என் கிறிஸ்துமஸ் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தேன். மாடியில் உன் புதுத் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர், வேனில் சிட்டிக்குப் போய்ப் படிக்கிறவர்கள், புது மெத்தையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். உன் மடியில் நம் நோட்டு. காட்டி நம்மைப் பற்றிப் பெருமையடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன், அவ்வளவு மக்கு நான். நீ ஐஸ்கிரீம் டிபனைப் படித்தாய். சிரித்தார்கள். பட்டுப்புடவைத் தூக்கத்தைப் படித்தாய். ஒருத்தி தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாள். பிறகு லிஃப்டைப் படித்தாய். அவர்களில் உயரமான ஒருத்தி கேட்டாள், "ஐயோ, ஒரு மாடிக்கு லிஃப்டா? யாருடி எழுதினது?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். "எல்லாம் இவ எழுதினதுதான். நான் சும்மா காப்பி பண்ணிக் குடுப்பேன்."

என் காது இரண்டும் கொதித்தன. நீ நோட்டை மூடி என் மடியில் போட்டாய். "இந்தா, உன் முறை," என்றாய். சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஏரியைச் சுற்றி நடந்து வரும்போது புரிந்தது, எனக்கு வலித்தது ஃபிரிட்ஜ் இல்லை. அது என் முட்டாள்தனம், அதற்குச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உன் முட்டாள்தனத்தையும் என் தலையில் கட்டினாயே, அதுதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தெரியாமல் இருந்தோம். நீ மட்டும் தெரிந்தவளாகிப்போனாய்.

என் முறை என்றாய் அல்லவா? எழுதினேன். இருபத்தொன்றாம் அத்தியாயம். ஒரே உட்காரலில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். வக்கீல் திரும்பி வந்தார். சொத்து சாந்தினிக்கு மட்டும்தான், ரோஷினி கூடப்பிறந்தவளே இல்லை என்றார். ரோஷினியின் அப்பா தன் சொந்தத் தங்கையிடம் ரேஷன் கார்டு என்று பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிய கதையை எல்லோர் முன்னாலும் உடைத்தார். ரோஷினி ஒரு ஒயர் கூடையோடு தாம்பரம் ஸ்டேஷனில் போய் நின்றாள். ரயில் வந்தது, ஏறினாள், வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. அத்தோடு நிறுத்தினேன்.

மாதா மேல் பண்ணின சத்தியத்தை நான் மீறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதலில் நோட்டைக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? எட்டாவது படித்த உன் அத்தை மகளிடம். அவள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். புதன்கிழமை உன் அத்தை ஏரிக்கரைத் தெருவில் உங்கள் புது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினாள். "ரேஷன் கார்டுன்னு சொல்லித்தானேடா கையெழுத்து வாங்கிகினு போனே? கூடப் பொறந்தவ வயித்துல அடிச்சு மாடி வூடு கேக்குதா உனக்கு?" அந்த வேன் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் பால்கனியில் நின்று பார்த்தார்களாம். அத்தை நோட்டைக் கேட்டுக்குள் விட்டெறிந்துவிட்டுப் போனாளாம். உன் அப்பா அதே நோட்டால் உன்னை அடித்தார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்த வாரமே உன்னை ஸ்கூலை விட்டு நிறுத்தி எங்கோ மலை மேல் விடுதியில் சேர்த்தார்கள். கேஸ் நடந்து உன் அத்தைக்குப் பங்கு வந்தது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, படவும் மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் ஒரு கதை எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் இருபத்தொன்றாம் அத்தியாயம்தான் திரும்ப வரும். பரவாயில்லை என்று கெமிஸ்ட்ரி டீச்சரானேன். அடுத்தவர் எழுதியதைச் சிவப்பு மையால் அடிப்பதுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சம்பளம்.

ஒரே ஒரு தடவை உன்னைப் பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலம், ஆபீஸ் விடுகிற நேரம். உன் இடுப்பில் குழந்தை, இப்போது எனக்குப் பார்சல் அனுப்பியவளாகத்தான் இருக்க வேண்டும். நீயும் பார்த்தாய். என் வாயில் அந்தக் கேள்வி தயாராக இருந்தது. கூட்டம் தள்ளியதா, நாம் நகர்ந்தோமா, தெரியவில்லை. படி இறங்கின பிறகு திரும்பிப் பார்த்தேன், உன் கொண்டையில் வைத்திருந்த கனகாம்பரம் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

இப்போது நோட்டைப் புரட்டுகிறேன். நம் பழைய மை எல்லாம் வெளிறிப்போய் ஊதாவாகிவிட்டது. என் இருபத்தொன்றாம் அத்தியாயம் அப்படியே இருக்கிறது. நீ ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், கறுப்பு ஜெல் பேனா. கோணல்மாணலாக, கோட்டை விட்டு இறங்கிப்போகிற எழுத்து. அத்தியாயம் இருபத்திரண்டு. உன் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தாயாம். ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாய், கேட்டால் ஹோம்வொர்க் என்று சொன்னாயாம்.

மூன்றே பக்கம். பாவி, ஒன்றையும் நீ மறக்கவில்லை. சாந்தினி பங்களாவில் தனியாக இருக்கிறாள். பட்டுப்புடவையோடு தூங்கி எழுந்து, கசங்கின மடிப்பைக் கையால் நீவுகிறாள். நாலு ஃபிரிட்ஜையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறாள். நாலிலும் ஐஸ்கிரீம், கூட உட்கார்ந்து தின்ன ஆள் இல்லை. சமையல்காரி, டிரைவர், தோட்டக்காரன் எல்லோரும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். சாந்தினி லிஃப்டில் ஏறிப் பட்டனை அமுக்குகிறாள். பாதியில் ஃபியூஸ் போய் லிஃப்ட் நின்றுவிடுகிறது. "அந்த வீட்டில் அறைக்கு ஒரு டெலிபோன் இருந்தது. லிஃப்டுக்குள் மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். சாந்தினி கதவைத் தட்டினாள்." அவ்வளவுதான், தொடரும் என்று போட்டு முடித்துவிட்டாய்.

ஒரு மன்னிப்பு இருக்குமா என்று தேடினேன். பின் அட்டையைப் பார்த்தேன், கவரை உதறினேன், கடைசிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. செத்துக்கொண்டிருக்கும்போதும் பழிவாங்கியிருக்கிறாய். என்னை நீ வைத்த லிஃப்டிலேயே போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

நானும் விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து வழி தேடினேன். கரன்ட் வந்தது என்று ஒரு வரி எழுதலாம் என்றால், ஃபியூஸை நீ எரித்துவிட்டாய். வேலைக்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டாய். வக்கீலை வரவழைக்கலாம் என்றால், அவருக்கு மாரடைப்பு வந்து செத்துப்போனார் என்று நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறாய். நீ எழுதியதை நான் அடிக்கவும் முடியாது. அந்தக் கதையில் கதவைத் திறக்க மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். ரயிலில் ஏறிப் போனவள். என் கையாலேயே அவளைத் திரும்பக் கூப்பிட வைக்கிறாய். அப்போதும் நீ இப்படித்தான், உனக்கு வேண்டியதை நான் கேட்கிற மாதிரி செய்துவிடுவாய்.

இன்று காலை பரீட்சைப் பேப்பர் கட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இருபத்து மூன்றாம் அத்தியாயம் எழுதினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஒரே உட்காரலில். உன்னைக் கூப்பிட்டேன், சந்தோஷப்படு. பங்களா வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஒயர் கூடையைக் கீழே வைக்கிற சத்தம். ரோஷினி லிஃப்டுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே யாரு என்று கேட்கிறாள். சாந்தினிக்கு மூச்சு முட்டுகிறது. ஆனாலும் அவள் கதவைத் திற என்று கெஞ்சவில்லை. ரோஷினிக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்களையும் வரிசையாக நிற்க வைத்திருக்கிறேன், அந்த உயரமானவளை முன்வரிசையில். சாந்தினி உள்ளேயிருந்து கேட்கிறாள்:

"மொதல்ல சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. லிஃப்ட் யாருடி வெச்சது?"

அதோடு நிறுத்திவிட்டேன். கஷ்டமான இடத்தில்தானே நிறுத்த வேண்டும்? இந்தா, உன் முறை. நீ சொல்லும்வரை நான் உள்ளேதான் இருக்கிறேன்.