நெற்றிக்கு முன் முழங்கை

10-1-1959, சனி. தென்னூர்.

"டீச்சர், எத்தனை தடவை சோப்பு போட்டா நான் வெள்ளையாவேன்?"

வேலையில் இருந்த காலத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. ஏன் வெள்ளையாகணும் என்று திருப்பிக் கேட்டேன். "சுண்ணாம்பு அடிச்ச வீட்டைத்தானே டீச்சர் எல்லாரும் நின்னு பாக்கறாங்க?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக் கூடத்தில் இந்தத் தெருப் பெண்களுக்கு நான் நடத்தும் பாடம், ஒரு வகையில் அவளுக்கு நான் தர வேண்டிய பதில்தான். பெண்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், முகம் கழுவும் கிளாஸ்.

இன்று பதினோரு பேர். ராத்திரி பவுடரோடு படுக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஏழு கை! காலையில் கழுவாமல் அதன் மேலேயே மறுபடி போடுகிறவர்கள்? நாலு கை, பாதி உயரத்தில்.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் பொங்கலுக்குப் பொங்கல் மேலே மேலே அடித்தால் சுவர் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பொரிஞ்சு விழும் டீச்சர்."

"உன் கன்னத்துல இருக்கறது என்ன?"

"பொரிதான் டீச்சர்" என்றாள் கமருன்னிசா. ஒரே சிரிப்பு.

வள்ளிக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. நெற்றி முழுக்க முடியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது நாகரிகம் போலிருக்கிறது.

11-1-1959, ஞாயிறு.

தங்கை பேட்ரிசியா மாதா கோயில் பூசைக்குப் போகுமுன் முகத்துக்கு ஸ்னோ கிரீம் பூசிக்கொண்டாள். பாடம் எடுக்கிற வீட்டிலேயே இப்படி! "என் வயசுல இனிமே எது பொரிஞ்சாலும் யாரு பாக்கப் போறா?" என்கிறாள்.

17-1-1959, சனி.

நாகரிகம் இல்லை. புண்.

எல்லோரும் போனபின் வள்ளிக்கண்ணுவை நிறுத்தி முடியை விலக்கிப் பார்த்தேன். பொட்டு வைக்கிற இடம் முழுக்கத் தடித்து, நடுவில் நீர் கசிகிறது. அதன் மேல் பவுடர். பவுடரின் மேல் மறுபடி குங்குமம். ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனபோது அம்மா தெருக்கடையில் வாங்கி வந்த ரோஸ் காகிதப் பொட்டலமாம், இவளும் அதை வைக்க ஆரம்பித்த அன்றிலிருந்துதான் அரிப்பாம்.

தர்மாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பூச ஒரு மருந்து கொடுத்து, வேறு எதுவும் படக்கூடாது என்றார். வரும் வழியில் நானும் சொன்னேன்: "ஆறற வரைக்கும் பொட்டே வைக்காதே."

அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். "டீச்சர்... பாழ் நெத்தியோடயா வீட்டுக்குள்ள போறது?"

புண்ணைப் பார்த்தேன். வீட்டைப் பார்க்கவில்லை.

18-1-1959, ஞாயிறு.

பூசையிலிருந்து திரும்பினால் வாசலில் அவள் அம்மா மயிலம்மாள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் மருதையின் மனைவி. நெற்றியில் முழு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு.

"எம்பொண்ணப் பொட்டு வைக்க வேணாம்னீங்களாமே, டீச்சரம்மா?"

"புண்ணு ஆறற வரைக்கும்தாம்மா..."

"இன்னிக்குப் பொட்டு வேணாம்பீங்க. நாளைக்குப் பூ வேணாம்பீங்க. நாளன்னிக்குக் கழுத்துல சிலுவைய மாட்டி விட்ருவீங்க. பெருமாள் ஊர்ல வாங்கின குங்குமமா புண்ணாக்கும்? நீங்க தடவச் சொன்ன சோப்பாத்தான் இருக்கும்!"

இனிமேல் கிளாசும் வேண்டாம், ஸ்கூலும் வேண்டாம், தை கழிந்ததும் உப்பிலியபுரத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறாராம். பெண் படிப்பது ஐந்தாம் பாரம். பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரே வருஷம்!

அவர் போனபின் பேட்ரிசியா சொன்னாள்: "உன் கழுத்துல இருக்கறத விட்டா, மாட்டிவிட நம்மகிட்ட ஏது சிலுவை? எனக்குன்னு இருக்கற ஒரே சிலுவை நீதான்." சிரிக்க வரவில்லை. நெற்றி ஆறுவதற்குள் படிப்பு போய்விடுமே - என்னாலா? என்னால்தான்.

24-1-1959, சனி.

பாய் விரித்து, சோப்பும் துண்டும் எடுத்து வைத்தேன். வந்தது கமருன்னிசா ஒருத்தி.

"மத்தவங்க வீட்டுல விடமாட்டேன்னுட்டாங்க டீச்சர். எங்க அத்தாகிட்ட, 'டீச்சர் பொட்டு வைக்காதேங்கறாங்களாம்'னு யாரோ சொன்னாங்க. 'அதுல நமக்கு என்னம்மா நஷ்டம், நீ போ'ன்னுட்டாரு."

அவள் அப்பா புண்ணியத்தில், ஒருத்திக்காகப் பாடம் நடத்தினேன். கண் மைக் குச்சியை ஏன் பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்பது. குறிப்பு எடுத்துக்கொண்டாள், பாவம்.

26-1-1959, திங்கள்.

வாயால் சொன்னால் மயிலம்மாள் நம்ப மாட்டார். கண்ணால் பார்க்க வேண்டும். பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் நல்ல காற்று. யோசனையும் நன்றாகத்தான் வந்தது.

வள்ளிக்கண்ணு சொன்ன அடையாளத்தை வைத்து அந்தத் தெருக்கடையைக் கண்டுபிடித்தேன். அதே ரோஸ் காகிதப் பொட்டலம். கடைக்காரர் என் நெற்றியையும் கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க. முழங்கைக்கு."

இன்னொரு கேள்வி கேட்கக்கூட அவருக்குப் பயம். சில்லறையைச் சீக்கிரம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரவு இடது முழங்கையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, துணியால் கட்டினேன். பேட்ரிசியா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பூசையில சாமியார் கண்ணுல அந்தக் கைய மட்டும் காட்டிடாதேக்கா."

27-1-1959, செவ்வாய்.

ஒன்றும் இல்லை.

28-1-1959, புதன்.

ஒன்றும் இல்லை. அரிக்கிறதா என்று வேளைக்கு வேளை பேட்ரிசியா விசாரிக்கிறாள். அரித்தால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

29-1-1959, வியாழன்.

துணியை அவிழ்த்துக் கழுவினேன். குழந்தையின் கை மாதிரி இருக்கிறது! முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் தூளில் பதப்பட்ட தோல், இந்தக் குங்குமத்துக்கா அசரும்?

பேசாமல் இருந்துவிடலாமா? நான் இப்படிச் சோதித்தது மயிலம்மாளுக்குத் தெரியாதே. ஆனால் அரித்திருந்தால் ஓடிப் போய்க் காட்டியிருப்பேன், இல்லையா? அப்படியென்றால் இதையும் காட்டத்தான் வேண்டும்.

30-1-1959, வெள்ளி.

போனேன். மயிலம்மாள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி, உங்கள் குங்குமம் என்னை ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

மயிலம்மாளுக்குச் சிரிப்பு தாளவில்லை. "இதச் சொல்லவா வெயில்ல வந்தீங்க? நீங்களே தோத்துட்டு நீங்களே வந்து சொல்றீங்களே! அப்ப எம்பொண்ணுக்கு மட்டும் ஏன் டீச்சரம்மா?"

"எறா தின்னா எனக்கு ஒண்ணும் ஆகாது. என் தங்கச்சி ஒண்ணே ஒண்ணு தின்னாப் போதும், உதடு பணியாரமாட்டம் வீங்கிடும். ஒரே வயித்துல பொறந்தவதான். தோலு ஆளுக்கு ஆள் வேறம்மா. உங்க குங்குமம் எனக்கு ஒத்துக்குது. அவளுக்கு ஒத்துக்கல."

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அடுப்புச் சூடு, வெங்காயக் கண்ணீர் - முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ரூபாய் அகலப் பொட்டில் பாதி முந்தானையோடு வந்துவிட்டது. அடியில் கரேலென்று தடித்த தோல்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கை தானாக நெற்றிக்குப் போனது.

"எத்தனை நாளாம்மா?"

"நாளா? வருஷமே ஒண்ணு ஆச்சு. முந்தின ஏகாதசிலேருந்து... இந்தக் கடைக்கு மாறினப்புறந்தான். கறுப்பு பெரிசாக ஆக, பொட்டையும் பெரிசாக்கிக்கிட்டே வந்தேன். இவங்க அப்பா, 'என்னடி, மாரியம்மனாட்டம் ஆயிட்டு வர்றே'ங்கறாரு." சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் அழுகையாகிவிட்டது. "அவளுக்கும் அரிக்குதுன்னா சோப்புதான்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கறது சுலபமா இருந்துச்சு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வெங்காயம் உரித்தேன். பிறகு கேட்டேன்: "வள்ளிக்கண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப என்னம்மா வச்சீங்க நெத்திக்கு?"

"ஜவ்வரிசிச் சாந்துதான். கருக வறுத்துக் கொதிக்க வச்சு, கொட்டாங்கச்சியில ஊத்திக் காய வைப்போம்."

"அப்ப அரிச்சுதா?"

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். எழுந்து, மளிகை அலமாரியில் ஜவ்வரிசி டப்பாவைத் தேடினார்.

பாழ் நெற்றியும் இல்லை, குங்குமமும் இல்லை. புருவ நடுவில் இருக்கும் புண்ணை விட்டு, முடி ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. நெற்றியில் வைக்குமுன் முழங்கையில் - அவளுடைய முழங்கையில் - பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உப்பிலியபுரம் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2-2-1959, திங்கள்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் வள்ளிக்கண்ணு புத்தகப் பையோடு எட்டிப் பார்த்தாள். பையோடு!

"நான் என்ன கைக்குழந்தையா டீச்சர்? பக்கத்து வீட்டுல கன்னத்துலயும் ஒண்ணு வைக்கவான்னு கேக்கறாங்க!"

"அரிக்குதா?"

"அரிக்கல" என்று முனகினாள், அதுவே ஒரு குறை போல.

21-2-1959, சனி.

பாய் போதவில்லை. பதினான்கு பேர். வள்ளிக்கண்ணு முடியை ஏற்றி வாரியிருந்தாள். நெற்றியில் வெளிறிய வட்டம் மட்டும் மிச்சம். ஒவ்வொருத்தியும் முழங்கையில் ஏதோ ஒன்றைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள் - ஸ்னோ, சாந்து, மை. கமருன்னிசா மருதாணி. வெட்கமே இல்லாமல் பேட்ரிசியாவும் தன் ஸ்னோவோடு வரிசையில் நின்றாள்.

பாடம் பாதியில் மயிலம்மாள் வந்து கடைசியில், சுவரோரம் உட்கார்ந்தார். மகளை அழைத்துப் போக வந்தாராம். மகள் தானே வருகிற தூரம்தான்.

வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நெற்றியில் கறுப்பாக, ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பொட்டு. சுற்றியுள்ள கறுப்பை மறைக்க எதுவும் பூசியிருக்கவில்லை.

இன்று கரும்பலகையில் எழுதியதை இங்கும் எழுதி வைக்கிறேன்:

முகத்துக்குப் புதிதாக எதை வாங்கினாலும், முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார். உன் முழங்கையில். டீச்சர் முழங்கையில் அல்ல.