கிளம்பிட்டேன் என்றால் கிளம்பியிருக்க வேண்டும்

அன்புச் சுண்டுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் "சூப்பரா இருக்கேன்மா" என்று உடனே சொல்லிவிடுவாய், ஆகவே இந்த முறை அந்தக் கேள்வியே கிடையாது, நேரே பல்லுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக வீடியோவில் வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு பேசுகிறாய். கடவாய்ப்பல் வீங்கியிருக்கிறது என்று நீயே ஒரு நாள் வாய் தவறிச் சொன்னாய், டாக்டரிடம் போனாயா என்று கேட்டதற்கு "எல்லாம் பாத்தாச்சும்மா, விடேன்" என்றாய். அந்த 'பாத்தாச்சு'தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. யார் பார்த்தது, எப்போது பார்த்தது, டாக்டர் உன் பல்லைப் பார்த்தாரா, நீ டாக்டரின் போர்டை பஸ்ஸிலிருந்து பார்த்தாயா, ஒன்றும் அதில் இல்லை. போனில் கேட்டால் நெட் சரியில்லை என்பாய், அதனால்தான் அப்பா படுத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெற்ற பெண்ணை இப்படிச் சந்தேகப்படலாமா என்று நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய் (வலது பக்கத்தை மட்டும்). எல்லாவற்றுக்கும் எங்கள் ஆபீஸ்தான் காரணம். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் போன் எடுக்கிற வேலைதானே, ஹலோ சொன்னால் போதாதா என்று நீ கேலி செய்தாய். போன வாரம் ஒரு வக்கீலம்மா மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்தே போன் செய்தார், எல்லாம் இங்கிலீஷில். நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற மெக்கானிக்குக்கு நான் போன் போட்டேன். "கிளம்பிட்டேன்க்கா, பாதி வழியில இருக்கேன்" என்றான். நானும் நம்பி, "ஹி ஹேஸ் லெஃப்ட், மேடம்" என்று அழகாகச் சொல்லிவிட்டு, நம் இங்கிலீஷ் பரவாயில்லையே என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மறுபடி லைனில் வந்து, "ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் ஹியர்" என்று ஆரம்பித்தார். கல்லூரியில் ஹேவ் பீன், ஹேட் பீன் எல்லாம் நான் கடகடவென்று ஒப்பித்து மார்க் வாங்கியவள்தான், ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது, எப்போதோ நிற்க ஆரம்பித்து இன்னும் நின்றுகொண்டிருக்கிற ஒருவரின் முழங்கால் வலி மொத்தமும் அந்த 'ஹேவ் பீன்'னுக்குள் இருக்கிறது. ஸ்டூடன்டாக உட்கார்ந்து படித்தால் தெரியாது.

பயந்துபோய் நெட்டைக்கு மறுபடி போட்டேன். "வந்துட்டேன்க்கா, அடுத்த தெரு" என்கிறான், அதே குரல் போனிலும் கேட்கிறது, என் முதுகுக்குப் பின்னாலும் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் ஸ்டோர் ரூமில் கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்! இந்த ஆபீஸை விட்டே நகரவில்லை, இதில் அடுத்த தெருவாம். கையும் டிபனுமாகப் பிடித்து, ஏன்டா இப்படி என்றால், "மனசளவுல கிளம்பிட்டேன்க்கா, உடம்புதான் பாக்கி" என்கிறான். சிரிப்பதா அடிப்பதா சொல். அவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் சாவி போட்டுத் திறந்து, அந்த அம்மா இறங்கிப் போயே போய்விட்டார். முதலாளியம்மா கேட்டபோது "வென் ஹி ரீச்ட், ஷி ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்" என்றேன். ரெண்டு விஷயம் நடந்தால் முந்தி நடந்ததற்கு 'ஹேட்' போட வேண்டும், அது சரியாகத்தான் வந்தது, ஆனால் அவர் அதைப் பாராட்டுகிற நிலையில் இல்லை.

சாயங்காலம் வக்கீலம்மாவே நேரில் வந்துவிட்டார். போனில் அவ்வளவு இங்கிலீஷ் பேசியவர் நேரில் சுத்தத் தமிழில் திட்டினார். "ஏம்மா, ஹேஸ் லெஃப்ட்னா ஆளு போயிருக்கணும், நாற்காலி காலியா இருக்கணும். இனிமே போவார்னு சொல்லியிருந்தா நான் உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேனே, கிளம்பிட்டாருன்னு நீ சொன்னதை நம்பி கதவைப் பார்த்துக்கிட்டே நின்னேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது சுண்டு. நம் ஊர் 'கிளம்பிட்டேன்' வேறு, அது ஒரு ஆறுதல் வார்த்தை, குளிக்கத் தண்ணீர் பிடிக்கும்போதே சொல்லலாம். இங்கிலீஷ்காரன் முடிந்ததை மட்டும்தான் அப்படிச் சொல்வான், அதன் பலனும் இப்போது கண்ணெதிரே இருக்க வேண்டும். ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை, வாசலிலேயே நிற்கிறான் என்று பொருள். ஷி ஹேஸ் கான் டு த பேங்க் என்றால் இன்னும் வரவில்லை, ஹேஸ் பீன் டு த பேங்க் என்றால் போய்விட்டுத் திரும்பியாகிவிட்டது. இதை மாற்றிச் சொல்லி ஒரு சேல்ஸ்மேனை மத்தியானம் முழுக்க முதலாளியம்மாவின் காலி அறைக்கு வெளியே உட்காரவைத்த கதை தனி.

அதனால் மறுநாளே ஆபீஸில் ஒரு சட்டம் போட்டேன். மெக்கானிக் எவனானாலும் கிளம்பியதை இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். நெட்டை அரண்டுபோய், "அக்கா, இங்கிலீஷ்ல உண்மை சொல்லவே எனக்குத் திணறும், பொய்யெல்லாம் எப்படிக்கா" என்றான். அதுதானடா எனக்கும் வேண்டும் என்றேன். இப்போது போன் போட்டால், "ஐ ஹேவ் நாட் லெஃப்ட்க்கா. ஐ ஹேவ் டீ" என்கிறான். டீ குடிக்கிறான், ஆனால் உத்தமனாகிவிட்டான். அந்தச் சூட்டோடு வீட்டிலும் உன் அப்பாவிடம் ஆரம்பித்தேன். காய்ந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு "குளிச்சிட்டேன்" என்றவரை, ஹேவ் யூ என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், திரும்பிக் குளியலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து "ஆபீஸ்ல லிஃப்டைப் பாருன்னா இவ ஆளுங்களைப் பழுதுபார்க்கிறா" என்று ஒரு முணுமுணுப்பு.

பிறகுதான் எனக்கு உன் 'பாத்தாச்சு' உறைத்தது. கோபித்துக்கொள்ளாதே, உன் ஹாஸ்டலுக்குப் பக்கத்து கிளினிக் என்று நீ ஒரு பெயர் சொன்னாயே, அதற்கு இன்று போன் செய்துவிட்டேன். தமிழ் தெரியாத ஊராயிற்றே, மனதுக்குள் மூன்று தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு பேசினேன். ஹேஸ் மை டாட்டர் பீன் தேர் என்று கேட்டேன். அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றாள் அந்தப் பெண். நானும் உன்னைப் போலப் போன் எடுக்கிறவள்தானம்மா, ஒரு மெக்கானிக்கால் பட்ட பாடு இருக்கிறதே என்று என் உடைந்த இங்கிலீஷில் முழுக் கதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, சட்டப்படி எதுவும் சொல்லமாட்டேன், ஆனால் "வி ஹேவ் நாட் ஹேட் த ப்ளெஷர் யெட்" என்றாள். அந்த 'யெட்'டைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுவரை இல்லை, இனிமேல் உண்டு, ரெண்டும் அதில் இருக்கிறது பார்.

உன்னைத் திட்டப் போவதில்லை. உனக்குப் பயம், அது எனக்குத் தெரியாதா. உனக்கும் எனக்கும் இருபது வயசுதான் வித்தியாசம், உன்னைத் தூக்கிக்கொண்டு முதன்முதலில் பல் டாக்டரிடம் போனபோது நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அந்த நர்சுக்கே குழப்பம். கையைப் பிடித்துக்கொள்ள இப்போது நான் பக்கத்தில் இல்லை, அதுதான் எனக்கும் தாங்கவில்லை. ஆனால் வீக்கத்தோடு விளையாடாதே, நாள் கடத்தினால் சீழ் பிடித்துவிடும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெயரைப் பதிவு செய்திருக்கிறேன். முன்னெச்சரிக்கையாக, ஷி ஹேஸ் பிட்டன் எ டென்டிஸ்ட், பல் டாக்டரையே கடித்திருக்கிறாள், என்றும் சொல்லிவைத்தேன். எப்போது என்று பதறினாள். நாலு வயசில் என்றேன். பரவாயில்லை, அன்றைக்கு டாக்டர் கையுறை ரெண்டு ஜோடி போட்டுக்கொள்வார் என்றாள். அங்கே எல்லாரும் தயாராகத்தான் இருக்கிறார்கள், நீ ஆள் போனால் போதும்.

பல்லும் சொல்லும் உறுதியாக, நூறு வயசு வரை நீ கடித்துச் சாப்பிட வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ, அப்புறம் வாய் மரத்துவிடும். வெள்ளிக்கிழமை பத்து மணி, மறக்காதே. போயிட்டேன் என்று சொல்லாதே, போ.

"தூங்கிட்டேங்க" என்று உள்ளே அப்பாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு இன்னும் விழித்திருக்கும்,
உன் அம்மா