பறிக்காத இலை

மார்ச் 3

ஆய்வக அம்மணிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று மகள் சொன்னாள். எட்டு மாதமாகப் பேசாத புருஷன் இப்போது எழுதுவது காரியத்துக்காகத்தான், மறைக்க ஒன்றுமில்லை.

மிளகாய் நாற்றுக் கூடத்தில் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டது. இலைக்கு அடியில் அப்பிக் கிடக்கிறது. நாற்பது செடிக்குத் தேமல் நோய் வந்து இலை சுருண்டுவிட்டது. போன மாதம் இரண்டு முறை மருந்து அடித்தும் அது அசரவில்லை. இந்த முறையும் நோய் பரவினால் கூடத்தையும் வீட்டையும் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய்விடுவேன். உன் சாமான்களை எங்கே அனுப்புவது என்று எழுது.

இப்படிக்கு,
நாற்றுக்காரன்

மார்ச் 8

நாற்றுக்கார ஐயாவுக்கு,

சாமான் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

தேமல் வந்த செடி இனித் தேறாது, பிடுங்கிவிடுங்கள். அசுவினிதான் அந்த வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. இத்துடன் வரும் குப்பியில் இருப்பவை குளவிகள். கொசுவைவிடச் சின்னவை, கொட்டாது. அசுவினியின் வயிற்றுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பிறக்கும் புழு அதைத் தின்றே வளரும். செடியில் எறும்பு ஏறவிடாதீர்கள். அசுவினி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

மருந்து அடிக்கக் கூடாது. மூன்று வாரம் சும்மா இருங்கள். நான் கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவுகிறவருக்கு அதுதான் கஷ்டம்.

ஆய்வகத்திலிருந்து

மார்ச் 24

அம்மணிக்கு,

எல்லாம் நீ சொன்னபடி செய்தேன். ஆனால் நேற்றுப் பார்த்தால் சில அசுவினிகள் பழுப்பாகி, உப்பி, இலையோடு ஒட்டிக் கிடந்தன. செடிக்கு ஏதோ புது நோய். விடுவேனா? காலையிலிருந்து உட்கார்ந்து அந்த இலைகளை ஒன்று விடாமல் பறித்துக் கொளுத்திவிட்டேன். கூடம் இப்போது பளிச்சென்று இருக்கிறது.

நாற்றுக்காரன்

மார்ச் 28

ஐயா,

தலையில் அடித்துக்கொண்டேன். உப்பிப் பழுப்பானவை செத்த அசுவினிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவி வெளியே வரத் தயாராக இருந்தது. "என்னக்கா, சிரிக்கிறீங்களா அழறீங்களா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

போன வருடம் என்னிடமும் இதைத்தான் செய்தீர்கள். கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். விட்டிருந்தால் மூன்றாம் நாள் நானே பேசியிருப்பேன். நீங்கள் மகளைக் கூப்பிட்டு, உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, பஞ்சாயத்து வைத்தீர்கள். எனக்கு அந்த வீட்டில் இருக்கவே கூசியது, கிளம்பி வந்துவிட்டேன்.

இன்னொரு குப்பி அனுப்புகிறேன். கடைசிக் குப்பி. கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

ஏப்ரல் 19

அன்புள்ள உனக்கு,

இருந்தேன். கூடத்து வாசலில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கறுப்பாக, முள்ளும் முடிச்சுமாக ஒரு புழு இலையில் ஊர்ந்தது. நசுக்கக் கை பரபரத்தது. நசுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசுவினிகளை வரிசையாகத் தின்கிறது! நாற்று வாங்கக் கூடையோடு வந்தவர், "அது பொறிவண்டுக் குஞ்சுங்க, தெரியாதா?" என்று சிரித்தார். இத்தனை வருடம் எத்தனை நசுக்கியிருப்பேனோ.

இன்று பழுப்புக் கூடுகளின் முதுகில் வட்டமாக ஓட்டை. குளவிகள் வந்துவிட்டன. மூன்று வாரத்தில் புதிதாகத் தேமல் வந்தது இரண்டே செடிக்கு. குத்தகைக்குக் கேட்டு வந்தவரிடம், "இல்லீங்க, குடுக்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சாயத்து வைத்தது என் தப்பு. எனக்குப் பயம், அதனால் செய்தேன். வா என்று கூப்பிடத்தான் ஆசை. கூப்பிடவில்லை. சும்மா இருக்கிறேன்.

உன் நாற்றுக்காரன்

ஏப்ரல் 23

என்னங்க,

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். ஓட்டை விழுந்த கூடுகளை நான் பார்க்க வேண்டும், அந்த இலையைப் பறிக்காதீர்கள்.

வீட்டையும் பெருக்கி வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி