அம்மாவுக்கும் அதே விதி

09.02.1986, ஞாயிறு, பின்னேரம் ஐந்தேகால். எங்கள் மொழியில் சொற்கள்: நானூற்றுப் பதினொன்று. பேசத் தெரிந்தவர்: ஒருவர்.

என் உயிர் மச்சான் சந்திரன்,

அந்த ஒருவர் நான்தான். நீ போய் முப்பத்தோராம் நாள் சடங்கு, உன் அந்தியேட்டி, நேற்று முடிந்தது. றேடியோ திருத்துகிற எனக்கு அழுது எழுத வராது. நேரே விடயத்துக்கு வருகிறேன்.

இல்லாத ஒரு நாட்டுக்கு நாமிருவரும் மொழி செய்தோம். அந்த நாட்டுத் தீவுக்காரருக்கு வேறு பேச்சு வேண்டும் என்றதும் நான் கண்டபடி சொற்களை மாற்றத் தொடங்கினேன். நீ தடுத்தாய். சொல்லை மாற்றாதே, ஒலியை மாற்று என்றாய். இரண்டே விதி: நடுவில் வரும் 'ப', 'வ' ஆகும், பிறகு கடைசி உயிர் விழும். தோணிக்கு நாம் வைத்த 'தாபு', 'தாவ்' ஆனது. நல்லாயிருந்தது. ஆனால் அம்மாவுக்கு வைத்த 'லூபா', 'லூவ்' ஆனபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"பூனை கத்தின மாதிரிக் கிடக்கு. அம்மாவையாவது விடடா."

"ஏலாது. வாய் ஆளைப் பாத்தோ மாறுறது? விதியெண்டால் அம்மாவுக்கும்தான்."

எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? எவ்வளவு சரியாகச் சொன்னாய்!

நேற்றுக் கரம்பொனில், உன் வீட்டில், சனமெல்லாம் போன பிறகு உன் அம்மா என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லும். ஆர் அந்த லூவு?"

"என்ன மாமி?"

"காய்ச்சலுக்கை லூவு, லூவு எண்டு கூப்பிட்டபடி கிடந்தவன். பக்கத்திலை நான் இருக்கிறன், என்னைக் கூப்பிடேல்லை. பெட்டை ஏதும் பிடிச்சவனோ? சொல்லும், போய்ப் பாப்பம்."

"நீங்கள்தான் மாமி. எங்கடை பாஷையிலை லூவ் எண்டால் அம்மா."

மாமி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அம்மா எண்டே கூப்பிட்டிருக்கலாம், விசரன்" என்றார். பிறகு, தனக்குத்தானே மெல்ல, "லூவு."

அந்தக் காய்ச்சலிலும் உன் விதி பிசகவில்லை, மச்சான். ஆனால் மூன்றாவது விதி ஒன்று இருக்கிறது. நாம் யோசிக்கவே இல்லை. மாமியின் வாய் மெய்யெழுத்தில் நிற்காது, ஒரு 'உ' வைத்துத்தான் மூடும். திருத்தப் போனேன். நீ தடுத்தது போல இருந்தது. இப்படி ஒரு வாய்க்காகத்தானா காத்திருந்தாய்?

இனி நான் செய்யப்போவது:

1. தீவுப் பேச்சுக்கு மூன்றாம் விதி எழுதுவேன்: 'வ்' என்று முடியும் சொல் 'உ' பெறும்.
2. தோணிக்கும் அதேதான். ஒரு சொல்லுக்கும் விலக்கில்லை, நானே கெஞ்சினாலும்.
3. ஞாயிறு தோறும் கரம்பொன் போய் மாமிக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுப்பேன். அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுவேன்.
4. மேலே எழுதிய தொகையைத் திருத்துவேன். பேசத் தெரிந்தவர்: இருவர்.

உன் மச்சான்,
யோகன்