மைக் இல்லாத ஜெபம்

அன்பு மகன் அகிலனுக்கு,

அப்பா எழுதுவது. கடல் தாண்டி மிரியில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்து பதினாலு மாதம் ஆகிறது. வேறு யாருடைய போனிலாவது கூப்பிட்டு உன்னை ஏமாற்ற மனமில்லை, அதனால்தான் கடிதம். கோல சிலாங்கூர் தபால் ஆபீஸில் ஸ்டாம்பு கேட்டபோது அந்த மலாய்ப் பெண், கடிதமா பாக்சிக் என்று மாமா முறை வைத்து இரண்டு தடவை கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். இங்கே விடாத மழை, பின்கட்டுத் தகரம் மறுபடியும் ஒழுகுகிறது, செகிஞ்சான் பக்கம் அறுப்புக்கு நிற்கிற நெல்லெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் முழுசாக ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. அன்றைக்கு நீ போனில் அழுதாய். உன்னால் பிள்ளை கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், கட்டின துளசியிடமே இன்னும் சொல்லவில்லை, நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்கப்பா, வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்றும் சொன்னாய். சரிய்யா என்றேன். அதே புதன்கிழமை சபை ஹாலில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் நல்லசாமி வழக்கம்போல், சிவா அங்கிள் ஜெபிப்பாங்க என்று மைக்கை நீட்டினார். முப்பது பேர்கூட இல்லாத ஹாலுக்கு மைக் எதற்கு என்று அம்மா எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். வாங்கினேன், கண்ணை மூடினேன், ஆண்டவரே என் மகன் அகிலன் என்று ஆரம்பித்தவன் டாக்டர் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

கண்ணை மூடினால் எனக்கு ஆண்டவர் மட்டும்தான் தெரிவார், ஆட்கள் இருந்தது நினைவில்லை என்று அப்போது உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பச்சைப் பொய். துளசியின் சித்தி சின்னத்தாய் சுங்கை பெசாரிலிருந்து வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன். சொல்லச் சொல்ல ஆட்கள் விசும்பினார்கள், ஆமென் ஆமென் என்றார்கள், எனக்கு நிறுத்த முடியவில்லை. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவனை ஜெபவீரர் என்று நாலு பேர் சொல்கிறார்களே, அந்த ருசி. உன் கண்ணீரைக் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஆமென் வாங்கினேன். அது ஜெபமே இல்லை ஐயா. நான் உனக்குச் செய்தது துரோகம்.

போன மாதம் உன்னைக் கேட்காமல் கலும்பாங் போய்வந்தேன், கோபித்துக்கொள்ளாதே. துளசி அவள் அம்மா வீட்டு கேட்டைத் திறந்து, தண்ணீர் கொடுத்தாள். மெலிந்துவிட்டாள். பிள்ளை இல்லேன்னு நான் வந்துடல மாமா, அவரு சொல்லியிருந்தா நான் அவரு கூடத்தான் இருந்திருப்பேன், ஆனா ஊரே ஆமென் சொன்னதுக்கு அப்புறம்தானே எனக்குத் தெரிஞ்சிச்சு என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சில் காரில் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் ஸ்டீயரிங் நனைந்தது. அவள் திரும்பி வருவாள் என்று உனக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு வாய் இல்லை, நீ அவளுக்கு நேராக எழுதினால்தான் உண்டு, இடையில் ஆள் வைக்காதே, முக்கியமாக என்னை வைக்காதே.

இப்போது அம்மா விஷயம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி. இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை, வயிற்றுவலி என்றாள், காற்று என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வயிற்றில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவியாயிற்று. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, கிறிஸ்மஸ் வரைக்கும் இருந்தால் பெரிது என்று அந்த டாக்டர் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னது. உன் மெசேஜுக்கெல்லாம் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்று அம்மா பதில் அனுப்புகிறாளே, அதெல்லாம் படுத்துக்கொண்டு அனுப்புவது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வயித்தையும் மைக்குல கொண்டுபோய் வெச்சிடாதீங்க, பெத்த பிள்ளைக்குத் தெரியாம ஊருக்குத் தெரியக் கூடாது என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் விஜயராணி என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

போன புதன் கூட்டத்தில் பாஸ்டர், ஆண்ட்டிய காணோமே அங்கிள், ஏதாச்சும் ஜெபக் குறிப்பு இருக்கா என்று கேட்டார். ஒன்னும் இல்ல லா பாஸ்டர் என்றேன். மைக்கை நீட்டினார், தொண்டை சரியில்லை என்று வாங்காமல் விட்டேன். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. என் குரல் எனக்கே கேட்கிறது, யாராவது ஆமென் சொல்வார்களா என்று காது பார்த்துக்கொண்டிருக்கிறது, சீ என்று எழுந்துவிடுகிறேன். அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்த அன்று கார் பார்க்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முடியல அப்பா என்று மட்டும் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆண்டவர் பக்கத்தில் இருந்தார் என்று சாட்சி சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது வருஷ ஜெபத்தில் அது ஒன்றைத்தான் நான் யாருக்கும் கேட்காமல் சொல்லியிருக்கிறேன். அம்மா அப்படியில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறாள், என்ன கேட்டாய் என்றால் சொல்வதில்லை. அவளுக்குக் கிட்டத்தில் அவர் இருக்கிறார் என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அவன்கிட்ட சொல்ல வாயெடுத்தா அழுதுடுவேன், நீங்க எழுதுங்க, அவனுக்கு மட்டும் என்று அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அம்மாவின் நோயைக் காட்டி அதைக் கேட்டால் அது இன்னொரு மைக்.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வேலையையும் உன் மனதையும் ஆசீர்வதிக்கட்டும். தினம் மேகி தின்னாதே. ஒன்று மட்டும் மறக்காதே, கடிதம் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிடு, மெசேஜ் வேண்டாம், அவள் உன் குரலைக் கேட்கட்டும். சாயந்தரம் ஐந்து மணிக்கு மருந்து சாப்பிட்டுக் கொஞ்சம் தெளிவாக உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் நீ அவளோடு பேசினால் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், அதற்காகத்தான் நீ பேசுவதையே நிறுத்தினாய் என்று தெரியும். இனி அம்மா போனில் உன் பெயர் வந்ததும் அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்பேன், மழையானாலும் நிற்பேன். என்ன பேசினீர்கள் என்று அவளிடம் கேட்கமாட்டேன். ஆண்டவரிடமும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவானந்தம்