ஏழாவது படம்

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கீதாவுக்கு,

அப்பா தம்பிதுரை சொல்லச் சொல்ல, அடுத்த வீட்டு டெய்சி டீச்சர் எழுதுகிறார். இங்கே எல்லோரும் சுகம். காற்றில் வாழை சாயவில்லை. அம்மாவுக்கு முட்டிவலிதான் அப்படியே இருக்கிறது. போனில் சொன்னால், "சரிங்கப்பா, அப்பறம் பேசறேனுங்க" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் கோயமுத்தூரில் உன் வீட்டில் இருந்தபோது, எலி ஈரல் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினாய். செல் என்று நீ சொல்லும் ஒரே அறைக்குள் இரண்டு கரு இருப்பதை மட்டும் எண்ணச் சொன்னாய். மருந்து கொடுத்த எலி எது என்று தெரியாத ஆள்தான் எண்ண வேண்டுமாம். படத்தின் மேலே எந்த எலி என்று எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது. பட்டுக்கூட்டில் இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக்கூட்டைப் பொறுக்கிப் பழகிய கண்ணும்கூட. இருபது படம் எண்ணினேன். நான்கு நாள் கழித்து மறுபடி இருபது. ஒரு எண்ணிக்கைகூட மாறவில்லை என்று மைசூர்பாகு வாங்கி வந்து, "உங்க கண்ணு மெசினுங்கப்பா" என்றாய்.

அம்மணி, இரண்டாம் தடவை நான் எண்ணவே இல்லை. வரிசையை மாற்றி, தலைகீழாகத் திருப்பிக் காட்டினாலும் அதே படங்கள்தானே? மூலையில் கொசுக்கால் மாதிரி கோடு விழுந்த படம் நாற்பத்தொன்று. நடுவில் வெடிப்பு உள்ளது இருபத்தெட்டு. முன்பு சொன்னதையே சொல்லிவிட்டேன். வரப்புத் தகராறில் சாட்சி சொன்னவன் பேச்சை மாற்றினால் பொய்சாட்சி என்பார்கள். இதுவும் அப்படித்தான் என்றிருந்தேன்.

ஏழாவது படம்தான் மனதை அரிக்கிறது. முதலில் முப்பத்தாறு என்றேன். மறுபடி காட்டியபோது, அதில் ஐந்துக்கு நடுவே மயிரிழை போலச் சுவர் தெரிந்தது. சுவர் என்றால் அது இரண்டு அறை, அறைக்கு ஒரு கரு. சுவர்தானா, என் கண்ணில் கட்டிய நீரா, இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் முப்பத்தாறு என்றே சொன்னேன்.

எண்ணியதையே எதற்கு மறுபடி எண்ணச் சொன்னாய்? டீச்சரிடம் கேட்டால், "மாறுதான்னு பாக்கத்தானுங்க ஐயா. மாறுனாத் தப்பில்லீங்க" என்று சிரிக்கிறார். மாறுவது தப்பில்லை என்றால், மாறாமல் சொன்ன நான் செய்தது என்ன?

ஐந்து வருச ஆராய்ச்சிப் படிப்பை இந்த மாதக் கடைசியில் புத்தகமாகக் கட்டி ஒப்படைக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் சொன்ன எண்ணிக்கை உள்ள பக்கத்தை மட்டும் நிறுத்தி வை, கண்ணு. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வாரேன். நான் பார்க்காத படமாகக் காட்டு. வேறொருவரையும் எண்ணச் சொல். கோபம் வந்தால் நேரில் திட்டு. வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. மைசூர்பாகு வேண்டாம்.

உன் படிப்பு பழுதில்லாமல் கரை சேரட்டும். கீழே இருப்பது என் கைநாட்டு. மாறாதது இது ஒன்றுதான்.

அப்பா
தம்பிதுரை