காணாமல் போன மாம்பழக் கலர் புடவை

என் செல்ல அம்மாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கோபம் வருமோ என்னவோ. வருமென்றால் இப்போதே வரவழைத்துக்கொள். உன் மாம்பழக் கலர் ஒன்பது கஜத்தைக் காணோம்.

போன மாதம் செம்பூரில் அப்பா வீட்டுக்கு வந்தபோது, பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை போடலாமென்று உன் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. அப்பாவைக் கேட்டால், "எங்கேயாவது இருக்கும், பாரு" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொல்லைக் கதவு வேறு பூட்டிக் கிடந்தது. பாம்பு வருகிறதாம். சாவி அவர் பூணூலில் தொங்குகிறது.

நீ இருந்தவரை வாரம் தவறாமல் மாட்டுங்காவில் என் வீட்டுக்குக் காய்கறிக் கூடை வரும். இப்போதும் வருகிறது, புடலங்காய் மட்டும் இல்லாமல். "இந்த வருஷம் காய்க்கலைடி" என்கிறார். குளித்த தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் ஓடிப் பாய்கிற கொல்லைப் பந்தல் காய்க்காமல் போகுமா? நான் கிங்ஸ் சர்க்கிளில் யுத்த விலை கொடுத்து முற்றல் காயை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில், பக்கத்து வீட்டு டீச்சர் செய்த புடலங்காய் மொளகூட்டலை அப்பா ஓயாமல் புகழ்ந்தார், அம்மா. உன்னுடையதை என்றைக்காவது புகழ்ந்தாரா? அந்த டீச்சரோ தனியாக இருக்கிறவள். காயும் அங்கே, புடவையும் அங்கே என்று முடிவு கட்டிவிட்டேன். உன் இடத்தில் அவளை உட்கார்த்திவிட்டுத்தான் எனக்குச் சொல்லி அனுப்புவாரோ?

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் குர்லாவில் வண்டி மாறி வந்து இறங்கினேன். டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாட்ட சொல்லுங்கோ. ஒரு காய் கேட்டா, தொடப்படாதுங்கறார். நான் மார்க்கெட்ல வாங்கறேன், இங்க எல்லாம் பழுத்து வெடிக்கறது!"

உள்ளே போனேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. பந்தல் முழுக்கப் புடலங்காய், ஒன்றுவிடாமல் சிவந்து பழுத்திருந்தது. ஒவ்வொரு காம்பிலும் மாம்பழக் கலரில் ஒரு துண்டு. உன் புடவையைத்தான் கிழித்துக் கட்டியிருக்கிறார்.

விதைக்கென்று ஒரே ஒரு காயில் உன் பழம்புடவைத் துண்டைக் கட்டுவாயே, அதை நம் வீட்டில் யாரும் தொடமாட்டோமே. இவர் எல்லாவற்றிலும் கட்டியிருக்கிறார்!

"உங்கம்மா துணி கட்டித்தானே காய் அத்தனை நீளமா வந்தது? ஆபீசுக்குக் கிளம்பறச்சே பார்த்திருக்கேனே" என்றார் அப்பா. காய் நீள்வதற்கு நீ கட்டியது கல். அதை யார் இவருக்குச் சொன்னார்கள்?

"துணி கட்டினதைப் பறிக்கப்படாதும்பா அவ. அதான் பறிக்கலை. நீ சிரிப்பியேன்னு கதவைப் பூட்டினேன்."

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அழுதுவிட்டேன்.

விதையையெல்லாம் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன். டீச்சருக்கும் ஒரு பிடி கொடுத்தேன், அவள் முகத்தைப் பார்க்காமலே.

ஆனால் அம்மா, துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தேன், முந்தானை மட்டும் இல்லை. எங்கே என்று கேட்டதும் அப்பாவின் பார்வை தலையணைப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே மட்டும் நான் தேடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் சந்தேகப் பிராணி,
மூத்த மகள் பாகீரதி